சனிக்கிழமை அணிக்கு நான் சொல்லாதது

கொட்டாஞ்சேனையில் ஒரு அறக்கட்டளை நடத்துகிற விளையாட்டு நிலையத்துக்கு நான் பதினொரு வருடமாகப் பொறுப்பாக இருக்கிறேன். ஒரு மைதானம், ஒரு பட்மின்டன் மண்டபம், கராத்தே வகுப்பு நடக்கும் மேல்மாடி அறை, ஆறு கழிப்பறைகள், ஒரு தண்ணீர்ப் பம்ப். இவை அனைத்தும் ஒரே நாளில் ஒழுங்காக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வெள்ளவத்தையில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து நான் வந்து சேரும்போது வாசலில் யாராவது கடிதத்தோடு நிற்பார்கள். மைதானம் வேண்டும் என்று கடிதம். கதவைத் திறந்து, பையை மேசையில் வைக்க முன்னமே ஒருவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டிருப்பேன்.

மைதானம் பெரியது அல்ல. மூன்று பக்கம் மதில், நாலாவது பக்கம் அடுக்குமாடி வீடுகள். விடிய ஐந்தரைக்கு நடக்கிறவர்கள் வருவார்கள். சீனி வருத்தக்காரர், முழங்கால் வலிக்காரர், வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் மதிலோரமாகச் சுற்றுவார்கள். எட்டு மணிக்குச் சொந்த மைதானம் இல்லாத ஒரு பாடசாலையின் பிள்ளைகள். பின்னேரம் நாற்பது வயது தாண்டியவர்களின் உதைபந்தாட்டக் குழு. அவர்களில் பாதிப் பேர் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், வேலை முடிந்த களையோடு வந்து இன்னும் களைத்துப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லே, தடியால் பந்தடித்து ஓடும் ஊர் விளையாட்டு. புல்லுக்கு மூச்சு விட நேரமே இல்லை.

அந்தப் புல்லைப் பார்க்கிறவர் சிங்களவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அய்யே, சிங்களத்தில் அண்ணா, என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மிஸ் என்பார். இருபது வருடத்துக்கு மேலாகக் கொட்டாஞ்சேனையில் இருந்தபடியால் தமிழ் நன்றாக விளங்கும். பேசும்போது கோபம் இல்லாவிட்டால் தமிழ், கோபம் வந்தால் சிங்களம். மழைக்காலத்தில் பெரும்பாலும் சிங்களம்தான்.

சனிக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பார்வையற்றவர்களின் கிரிக்கெட் அணிக்கு ஒதுக்கியிருந்தேன். பதினான்கு பேர். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் கலந்த அணி. சிலருக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும், சிலருக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுடைய பந்து பிளாஸ்டிக் பந்து, உள்ளே சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் கிடந்து கிலுகிலுக்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அடிப்பதும் பிடிப்பதும். அதனால் அவர்களுக்கு மைதானத்தைவிட அமைதிதான் முக்கியம். முதல் மாதத்தில் பக்கத்து ஒழுங்கையில் ஒரு மீன் வண்டிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே போவார். நான் போய்ச் சொன்ன பிறகு சனிக்கிழமைகளில் எங்கள் மதில் முடியும் வரை ஹோர்னைத் தொடாமல் போக ஆரம்பித்தார். இந்த வேலையில் நான் கேட்டவுடன் நடந்த காரியங்கள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

அணியின் தலைவர் கிருலப்பனையில் இருக்கும் ஒரு தமிழர், முப்பத்தைந்து வயது இருக்கும். கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநர். பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஆளின் குரல் எப்போதும் ஒரே அளவாக இருக்கும், அலுவலகத்துக்கு வரும் அழைப்பை மாற்றிக் கொடுப்பவருடைய குரல். என்னை அக்கா என்பார். என் காலடிச் சத்தத்தை வைத்தே, "அக்கா, இண்டைக்கு முழங்கால் கூட நோகுதோ?" என்று கேட்பார். அதை வீட்டில்கூட யாரும் கவனிப்பதில்லை.

ஒரு ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. முதல் சனிக்கிழமை மைதானத்தில் தண்ணீர் நின்றது. நான் வெள்ளிக்கிழமையே தலைவருக்குத் தொலைபேசி எடுத்து, இந்த முறை வேண்டாம் என்று சொன்னேன். "மழைக்கு நீங்க என்ன செய்யிற அக்கா," என்றார். அவர்களுக்கு அடுத்த மாதம் வெளியூரில் ஒரு போட்டி இருந்தது. ஒரு பயிற்சி போனால் ஒன்று போனதுதான்.

அடுத்த கிழமை, எங்கள் நிர்வாக சபையில் இருக்கும் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய உறவினரின் கம்பனி ஊழியர்களுக்கு ஒரு குடும்ப விழா வைக்கப் போகிறதாம். ஞாயிற்றுக்கிழமை விழா, சனிக்கிழமை மேடை கட்ட வேண்டும்.

"மைதானம் ஈரமாக் கிடக்குது சேர்," என்றேன்.

"மேல ஈரம் இருக்கும், கீழ காஞ்சிருக்கும். ஒரு நாள்தானே. நான் சொல்லிட்டன் அவங்களுக்கு."

"சனிக்கிழமை காலமை ஒரு டீம் இருக்கு."

"அவங்களுக்கு வேற நாள் குடுங்க. நீங்க எத்தினை வருஷமா இருக்கிறீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். வேறு நாள் என்று ஒன்று இல்லை என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கிழமை பம்ப் பழுதாகி, மண்டபக் கூரை ஒழுகி, பாடசாலை அதிபரிடம் பேச்சும் வாங்கியிருந்தேன். இன்னொரு மனிதரோடு வாதாட எனக்குத் தெம்பு இருக்கவில்லை. ஓம் என்றேன். பிறகு அணித் தலைவருக்கு எடுத்து, இந்தச் சனியும் இல்லை என்றேன்.

"மழை இல்லையே அக்கா," என்றார்.

"ஒரு ஃபங்ஷன்."

"சரி. வாற கிழமையாவது தருவீங்கதானே?"

"தருவன்," என்றேன்.

சனிக்கிழமை மேடைச் சாமான்களோடு லொறி வந்தபோது நான் வாசலில் நின்றேன். வாசலுக்கு உள்ளே சீமெந்து போட்ட இடத்தில் நிறுத்தி, சாமான்களைக் கையால் தூக்கிக்கொண்டு போவதாகத்தான் பேச்சு. சாரதி இறங்கிப் பார்த்தார். மேடை கட்டும் இடம் மைதானத்தின் அந்தப் பக்கம், தூரம். யாருக்கோ தொலைபேசி எடுத்தார். பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டினார். சபை உறுப்பினரின் அதே குரல். "விடுங்க, ஒருக்காத்தானே." நான் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். லொறி புல்லில் ஏறியது. பாதி தூரம் போய்ப் பின்சில்லு புதைந்தது. வெளியே எடுப்பதற்காக முன்னும் பின்னுமாக இழுத்தார்கள். அய்யே தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே நின்று முழுவதையும் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மேடை போய்விட்டது. மைதானத்தின் கிழக்குப் பக்கத்தில் இரண்டு நீளப் பள்ளங்கள். அய்யே நாலு நாள் மண் கொண்டுவந்து நிரப்பினார். பின்னேரத்தில் மழை பெய்ய, போட்ட மண் இறங்கியது. திரும்ப நிரப்பினார். வியாழக்கிழமை அலுவலகத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார். காலில் சேறு இருந்தால் உள்ளே வரமாட்டார்.

"மிஸ், சனிக்கிழமை வேணாம்," என்றார்.

"அய்யே, பிட்சுக்கு அந்தப் பக்கம்தானே? அவ்வளவு தூரம் பந்து போகுமா?"

"போகும். மேல மண் சரி மாதிரி இருக்கு. கால் வச்சா கீழ போகுது."

"சுத்திக் கயிறு கட்டி விடுவமா?"

அவர் என்னைப் பார்த்தார். "மிஸ், அவங்களுக்குக் கயிறு தெரியுமா? அதிலயே தடக்கி விழுவாங்க." பிறகு சிங்களத்துக்கு மாறினார். உதைபந்தாட்டக்காரர் வந்தால் பள்ளத்தைக் கண்டு சுற்றி ஓடுவார்கள், இவர்கள் அந்த நிலத்தை நம்பி ஓடுகிறவர்கள், ஒரு கிழமை பொறுங்கள் என்றார்.

நான் யோசிக்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை முழுவதும் தொலைபேசியை எடுத்து எடுத்து வைத்தேன். மூன்றாவது தடவை அதே மனிதருக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கம்பனிக்காரருக்கு ஓம், பாடசாலைக்கு ஓம், பார்வையற்றவர்களுக்கு மட்டும் மூன்று கிழமையும் இல்லை. அப்படி நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு மணிபோல் தலைவரே எடுத்தார்.

"அக்கா, நாளைக்கு இருக்குத்தானே?"

"ஓம், வாங்கோ," என்றேன்.

பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவர் வேண்டாம் என்பார், பிறகு அதுவும் என்னால்தான் என்று ஆகிவிடும் என்று நினைத்தேனா, அல்லது ஒன்றுமே நினைக்கவில்லையா என்று இப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. வெள்ளவத்தை வரை நித்திரையாகிப் போனேன்.

சனிக்கிழமை வெயில். மூன்று கிழமைக்குப் பிறகு வந்ததால் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக உள்ளே வந்தார்கள், பகிடி விட்டபடி. அய்யே கிழக்குப் பக்கத்தில், பள்ளத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். யாராவது அந்தப் பக்கம் ஓடி வந்தால் குரல் கொடுத்து நிறுத்தலாம் என்று நினைத்திருக்கிறார். என்னிடம் அதைச் சொல்லவில்லை. நான் அவரை மண்டபத்துக்கு அனுப்பினேன். அங்கே கூரை ஒழுகிய இடத்தில் யாராவது வழுக்கி விழப் போகிறார்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். "ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ அய்யே," என்றேன். அவர் போக மனமில்லாமல் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் நடந்துவிட்டது. பந்து கிழக்குப் பக்கமாக உருண்டது. தலைவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். நல்ல ஓட்டம், தயக்கமே இல்லாத ஓட்டம். பந்து சில்லுப் பள்ளத்தில் விழுந்து நின்றது, சத்தமும் நின்றது. அவர் கடைசியாகச் சத்தம் கேட்ட திசைக்கு இன்னும் வேகமாக ஓடினார். நான் அலுவலக வாசலில் நின்று அதைக் கண்டேன். கத்தினேனா இல்லையா என்று ஞாபகமில்லை. கால் உள்ளே போனது, ஆள் முன்னால் விழுந்தார். வலது கையை ஊன்றி விழுந்தார்.

மற்றவர்கள் எல்லோரும் நின்ற நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். என்ன நடந்தது என்று தெரியாமல் ஒவ்வொருவராக அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "கை," என்று மட்டும் அவர் சொன்னார். மணிக்கட்டு வேறு ஒரு பக்கம் திரும்பியிருந்தது.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு துவாயில் கையை வைத்துக் கட்டியிருந்தேன். ஓட்டோ குலுங்கும் ஒவ்வொரு முறையும் அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது கேட்டார்.

"அக்கா, அது என்ன பள்ளம்?"

"லொறிச் சில்லு."

"எப்ப வந்த லொறி?"

"போன சனிக்கிழமை."

பச்சை விழுந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, வரிசையில் இருந்து, மணிக்கட்டில் இரண்டு இடத்தில் உடைவு என்று சொல்லி, முழங்கை வரை மாக்கட்டுப் போடும்வரை மூன்று மணித்தியாலம் பக்கத்தில் இருந்தேன். அவர் மனைவி வந்த பிறகுதான் எழும்பினேன்.

அன்று பின்னேரமே சபை உறுப்பினர் எடுத்தார். விபத்து அறிக்கை எழுத வேண்டும். "விளையாடேக்க தவறி விழுந்திட்டார் எண்டு எழுதுங்க. அது உண்மைதானே," என்றார். நான் அப்படியே எழுதினேன். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. பார்த்த ஆள் என்று இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். விழுந்ததைப் பார்க்காவிட்டாலும் தூக்க வந்தவர் என்று திங்கட்கிழமை அய்யேயிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, கதவடியில் நின்றபடியே சிங்களப் பிரதியை இரண்டு முறை வாசித்தார்.

"இது பொய் இல்ல, மிஸ்," என்றார். "ஆனா இதுல லொறி இல்ல."

தாளை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது. என் இடத்தில் இருந்து பார்த்தால் தெரியும் என்று மனதுக்குள் திட்டினேன். மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைத் திறந்து, சாப்பிட முடியாமல் மூடி வைத்தேன். பிறகு புதிதாக ஒரு தாள் எடுத்து எழுதினேன். லொறியைப் புல்லில் விட்டது யாருடைய சொல்லால், வாசலில் நின்றது யார், மைதானத்தைத் திறக்க வேண்டாம் என்று அய்யே சொன்னது, நான் திறந்தது, அணிக்குச் சொல்லாதது, அய்யேயை மண்டபத்துக்கு அனுப்பியது. ஒன்றரைப் பக்கம் வந்தது. அய்யே கையெழுத்துப் போட்டார். நன்றி என்றோ, நல்லது என்றோ சொல்லவில்லை. மண் வேண்டும், இரண்டு டிராக்டர் என்றார்.

அந்தக் கிழமைக் கடைசியில் கிருலப்பனைக்குப் போனேன். ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறையில் இருந்தார்கள். மனைவி கதவைத் திறந்து, உள்ளே வரச் சொன்னார், முகம் கொடுக்கவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தலைவர் கதிரையில், மாக்கட்டுக் கையைத் தலையணையில் வைத்தபடி இருந்தார்.

"நோ எப்படி?" என்றேன்.

"பரவாயில்லை. இது நான் வாசிக்கிற கை, அக்கா. இடது கையால வாசிச்சால் எழுத்தெல்லாம் பிழைக்குது. மகள் சின்ன வகுப்பில வாசிச்ச மாதிரி ஒவ்வொரு எழுத்தாத் தடவிக்கொண்டு இருக்கிறன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் வரும்போது நிறைய யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இரண்டு வாக்கியம்தான்.

"எங்களுக்கு ரெண்டு தரம் இல்லையெண்டு சொல்லிட்டீங்க. மூண்டாந்தரம் சொல்லப் பாவமா இருந்திருக்கும்," என்றார். குரல் அதே அளவில்தான் இருந்தது. "அப்பிடித்தானே?"

"ஓம்."

"பள்ளம் இருக்கெண்டு சொல்லியிருக்கலாம். நாங்க பள்ளம் காணாத ஆக்களா? இந்த வீட்டுக்கு வாற ரோட்டைப் பாத்தீங்கதானே. எங்க இருக்கெண்டு தெரிஞ்சா மனுசன் வேற மாதிரி ஓடுவான். இல்லாட்டி ஓடாமல் விடுவான். அதை நாங்க முடிவெடுத்திருப்பம். எங்களுக்காக நீங்க எடுத்திட்டீங்க."

தேநீர் ஆறிப்போயிருந்தது, குடித்தேன். அறிக்கையில் என்ன எழுதினேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "எழுதினது நல்லது. ஆனா போட்டி போயிட்டுது," என்றார். எழும்பும்போது மனைவி வந்து கதவைப் பிடித்தார். "படியைப் பாத்து இறங்குங்கோ, கடைசிப் படி உடைஞ்சிருக்கு," என்றார்.

சபை என்னைக் கூப்பிட்டது. நீள மேசையின் ஒரு முனையில் நான், மறுமுனையில் ஆறு பேர். லொறி பற்றி ஒருவர் மட்டும் கேட்டார். மற்றவர்கள் நான் ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டார்கள். அணிக்குச் சொல்லாதது என் பிழை என்று எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. அது நியாயம்தான், நானே எழுதிக் கொடுத்தது. அதோடு, புல்லில் எந்த வாகனமும் ஏறக் கூடாது என்று ஒரு விதியும் போட்டார்கள். தொலைபேசி எடுத்த உறுப்பினர் அந்த விதிக்கும் கை தூக்கினார். இப்போதும் என்னைக் கண்டால் சிரிப்பார்.

அணி இரத்மலானைப் பக்கம் ஒரு மைதானத்துக்குப் போய்விட்டது. பெரும்பாலானவர்களுக்கு அது தூரம், விமானச் சத்தம் வேறு. ஆனாலும் போனார்கள். சனிக்கிழமை ஏழு மணியை நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அதற்கும் கடிதங்கள் வந்தன. அய்யே அந்த நேரத்தில் புல்லுக்கு உரம் போட்டார், வேறு நேரம் இல்லை என்று எல்லோருக்கும் அதையே காரணமாகச் சொன்னேன்.

மாசியில் தலைவர் எடுத்தார். வர விரும்புகிறோம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மைதானம் எப்படி இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், வருவதா இல்லையா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் ஒத்துக்கொண்டேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எடுத்துச் சொல்கிறேன். சில கிழமைகளில் அய்யேயிடமே தொலைபேசியைக் கொடுத்துவிடுவேன். அவர் சிங்களத்திலும் தமிழிலும் கலந்து, மூலை மூலையாகச் சொல்வார், பத்து நிமிடம் பிடிக்கும். இரண்டு முறை, நாங்கள் திறந்திருந்தும் அவர்கள் வரவில்லை. தலைவருக்கும் எனக்கும் இடையில் பழைய மாதிரி இல்லை. என் முழங்காலைப் பற்றி இப்போது கேட்பதில்லை. நானும் எதிர்பார்ப்பதில்லை.

போன சனிக்கிழமை அவர்களுக்கு வெளி அணி ஒன்றோடு போட்டி இருந்தது. வந்து பார்க்கும்படி அணியில் இளையவர் ஒருவர் கேட்டிருந்தார். நான் போவதாகத்தான் இருந்தேன். ஏழு மணிக்குப் பம்ப் நின்றுவிட்டது. வந்திருந்த இரண்டு அணிக்கும் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. குழாய் வேலைக்காரர் வந்து எல்லாவற்றையும் கழற்றி நிலத்தில் பரப்பி வைத்தார். நான் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன், முழங்கால் மரத்துப் போகும் வரை. இடையில் வெளியே கைதட்டல் கேட்டது, பிறகு ஒருவருடைய சிரிப்பு. ஒன்பதரைக்குத் தண்ணீர் வந்தது. வெளியே வந்தபோது அவர்கள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி?" என்று அய்யேயிடம் கேட்டேன்.

"தோத்துட்டாங்க," என்றார். "நாலு ஓட்டத்துல. ஒருத்தரும் விழேல்ல."

வாசலில் உதைபந்தாட்டக் குழுவின் செயலாளர் ஒரு கடிதத்தோடு காத்துக்கொண்டிருந்தார்.